பத்துக் கிலோ நரம்பு எவ்வளவு தாங்கும்?

தூண்டில் நரம்பு வாங்கப் போகிறவரின் கண் முதலில் தேடுவது உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை. 10 கிலோ, 12 கிலோ, 15 கிலோ. ஐந்து கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ நரம்பு தாராளம் என்று மனக்கணக்குப் போட்டு வாங்கி வருகிறார். அதே ஐந்து கிலோ மீன் ஒருநாள் அதை அறுத்துக்கொண்டு போகும்போது நரம்பு மட்டம் என்றும் அடுத்த முறை இன்னும் தடிமனாக வாங்க வேண்டும் என்றும் முடிவு கட்டுகிறார். இரண்டும் தவறான முடிவு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். உறையில் உள்ள எண் பெரும்பாலும் பொய் இல்லை. புது நரம்பை, உரசலும் முடிச்சும் இல்லாமல், ஒரு கருவியின் இரு பிடிகளுக்கிடையே மெல்ல இழுத்துக் கண்ட எண் அது. கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அந்த எண்ணை வேறு பல காரணங்கள் தின்னத் தொடங்குகின்றன: நரம்பு குடிக்கும் நீர், அதன்மேல் விழும் வெயில், நம் கை போட்ட முடிச்சு, தூணிலும் செவுளிலும் பட்ட உரசல், ரீலுக்குள் தங்கிய உப்பு. எதை வாங்குவது என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் கவனத்தில் பாதியை, வாங்கியதை எப்படி வைத்திருப்பது என்ற கேள்விக்குக் கொடுத்தால் போதும். மெலிந்த நரம்பே பெரிய மீனைக் கரை சேர்க்கும்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கொச்சியின் தோப்பும்படியைவிடக் கடுமையான இடம் தேட வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக் கால்வாயின் கரையில் இருக்கிறது அது; பழைய துறைமுகப் பாலம் அதை வெலிங்டன் தீவோடு இணைக்கிறது; மீன்பிடித் துறைமுகமும் அங்கேதான். வேம்பநாட்டுக் காயல் கடலைத் தொடும் இந்த நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீராக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும்போது மேல்மட்டம் ஏறக்குறைய நன்னீர். மார்ச், ஏப்ரலில் கடல் உள்ளே ஏறி உப்பு கடலளவை நெருங்கிவிடும். இரண்டிலும் வாழத் தெரிந்த மீன் கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி, நரிமீன் என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் வழங்கும் ஆசியக் கடல் பாஸ் இதுதான். அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாக இதை அடைப்பில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. தூண்டில்காரருக்கு இந்த மீனிடம் தெரிய வேண்டியவை மூன்று. முதலாவது, நிழலில், தூண்களின் அடியில் பதுங்கி இருக்கும். தூண்டில் பட்டதும் திரும்பித் தூணுக்குள்ளேயே ஓடும். இரண்டாவது, இரையைத் துரத்திக் கடிப்பதைவிட, வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு உறிஞ்சி எடுக்கும். அதனால் அதிர்ச்சி ஒரே நொடியில் வரும். மூன்றாவது, அதன் முன்செவுள் மூடியின் விளிம்பு ரம்பப் பல் கொண்டது, மூலையில் வலுவான முள்ளும் உண்டு. மீன் தலையை உலுக்கும்போது நரம்பு அதில்தான் உரசும். தூண்களில் அப்பியிருக்கும் கொட்டலசும் மட்டியும் இந்த வேலையில் செவுளுக்குச் சளைத்தவை இல்லை.

தோப்பும்படிக்குத் தமிழ்நாட்டோடு ஓர் உறவு உண்டு, அது இந்தப் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துவது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை அடுத்தடுத்து இருக்கும் எட்டுக் கடற்கரை ஊர்களை மொத்தமாகத் தூத்தூர்ப் பகுதி என்பார்கள். அந்த ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளில் பெரும்பகுதி தொழில் செய்வதும் மீன் இறக்குவதும் இந்தக் கொச்சித் துறைமுகத்திலிருந்துதான். சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்தியாவில் இவர்களுக்கு இணையானவர்கள் குறைவு. அவர்களுடைய நீளத் தூண்டிலில் ஒரு முதன்மைக் கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளை நரம்புகள், சுறாவின் பல் படக்கூடிய கடைசித் துண்டில் கம்பி என்று மூன்று அடுக்கு இருக்கும். மீனுக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டு தேயும், கெடும், மாற்றப்படும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. கரையோரத்தில் ராடும் ரீலும் வைத்துக் கொடுவாவுக்கு நிற்பவரின் லீடர் என்ற முன்நரம்பும் இதே அறிவுதான். ஆழ்கடல் மீனவரைச் சுட்டிக்காட்டி, இவர்கள் வெறுங்கையாலும் எளிய கருவியாலும் பெரிய மீனை இழுக்கவில்லையா, இத்தனை பராமரிப்புப் பேச்சு பொழுதுபோக்காளரின் ஆடம்பரம்தானே என்று கேட்பவர் உண்டு. உண்மை நேர்மாறானது. கைத்தூண்டிலில் நரம்பு முழுவதும் மீனவரின் விரல்கள் வழியாகவே ஒவ்வொரு முறையும் போய்வருகிறது. சொரசொரப்பு, நசுங்கல், சிராய்ப்பு எதுவும் அந்த விரலுக்குத் தப்பாது. பரிசோதனை என்று தனியாகப் பெயரிடாமல் தொழிலின் அசைவிலேயே அது நடந்துவிடுகிறது. ரீல் வைத்திருப்பவர்தான் நரம்பைத் தொடாமலே நூறு முறை வீசவும் சுற்றவும் முடியும். ஆகவே அவர் வேண்டுமென்றே தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூண்டிலுக்கும் வலைக்கும் பயன்பட்ட பழைய நூல்கள் தம் நோயை மறைத்ததில்லை. பருத்தியும் சணலும் நீரில் நனைந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னும். கறுக்கும், நாறும், கையிலேயே இற்றுவிழும். அதைத் தடுக்கத்தான் இந்தியக் கரைகளில் பனிச்சங்காய்ச் சாற்றிலும் துவர்ப்புள்ள மரப்பட்டைக் கஷாயத்திலும் வலைகளை ஊறவைத்தார்கள். தினமும் விரித்து உலர்த்தினார்கள். தொழிலின் நேரத்தில் கணிசமான பங்கு இந்தப் பாதுகாப்பிலேயே கழிந்தது. 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு நைலானை உருவாக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது உலகின் வலைகளையும் தூண்டில்களையும் பிடித்துக்கொண்டது. நைலானை நுண்ணுயிர் தின்னாது. அந்த விடுதலை மிகப் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அழுகாத பொருள் கெடாத பொருள் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வந்தது. நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் அங்கங்கே வெட்டுகிறது. சங்கிலி சிறுத்தால் பலமும் நீளும் தன்மையும் குறையும். நாற்றம் இல்லை, கறுப்பு இல்லை, கடைசிக் கட்டம்வரை கண்ணுக்குத் தெரியும் அறிகுறி பெரிதாக ஒன்றும் இல்லை. மீன்பிடி நூல்கள் வெயிலில் எப்படி நலிகின்றன என்பது, தோப்பும்படிக்குப் பாலத்தின் மறுபுறம் வெலிங்டன் தீவில் இயங்கும், 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருள்களில் ஒன்று. வலையைப் பற்றி அங்கே கேட்கப்படும் கேள்வி, வராந்தா வெயிலில் ஆணியில் தொங்கும் ரீலுக்கும் பொருந்தும். அதில் சுற்றியிருக்கும் நரம்பின் மேலடுக்குதான் முதலில் வெயிலைக் குடிக்கிறது. அடுத்த நாள் முதலில் நீரில் இறங்குவதும் அதுவே.

இனி கணக்குக்கு வருவோம். 0.40 மில்லிமீட்டர் விட்டமுள்ள நல்ல நைலான் நரம்பு சுமார் 10 கிலோ தாங்கும். நைலான் நீர் உறிஞ்சும் பொருள். நனைந்ததும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகும், மிச்சம் 9. எந்த முடிச்சும் நரம்பைக் கூர்மையாக வளைக்கிறது. வளைவின் வெளிப்புறம் கூடுதலாக இழுபட, உட்புறம் நசுங்கும். கவனமாகப் போட்ட நல்ல முடிச்சில் எழுபது விழுக்காடு பலம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 6.3 கிலோ. வெறும் ஒற்றை முடிச்சு தவறுதலாக விழுந்திருந்தால் பாதிக்கும் கீழே போகலாம், அதை விட்டுவிடுவோம். இப்போது சுமையின் பக்கம். மீன் ஓடும்போது நரம்பு சுற்றிய ஸ்பூலை அளவோடு சுழலவிடும் பிரேக்கை டிராக் என்கிறோம். வழக்கமான அறிவுரைப்படி நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 3.3 கிலோவுக்கு, ரீலிலிருந்து நேராக இழுத்துப் பார்த்து அதை இறுக்கியிருக்கிறோம். மீன் அறுபது எழுபது மீட்டர் ஓடினால் சிறு ரீலில் சுற்றின் ஆரம் 25 மில்லிமீட்டரிலிருந்து 20க்கு இறங்கிவிடலாம். டிராக்கின் முறுக்குவிசை மாறவில்லை, ஆரம் குறைந்துவிட்டது. எனவே நரம்பின் இழுவிசை 25க்கு 20 என்ற விகிதத்தில் ஏறி 4.1 கிலோ ஆகிறது. வளைந்த ராடின் வளையங்களில் நரம்பு மொத்தம் 90 பாகை திரும்புகிறது, உராய்வுக்கெழு 0.15 என்று கொண்டால், அந்த உராய்வு மட்டும் இழுவிசையை 1.27 மடங்காக்கும். ஆக, முடிச்சில் விழுவது 5.2 கிலோ. தாங்கும் பலம் 6.3, சுமை 5.2. மீன் நம் பக்கம். இதே நரம்பின் கடைசி மீட்டர் தூணிலும் செவுளிலும் உரசி 0.40இலிருந்து 0.36 மில்லிமீட்டராகத் தேய்ந்திருக்கட்டும். ஒரு தாளின் கனத்துக்கும் குறைவான தேய்மானம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. பலம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பத்தொன்பது விழுக்காடு போய்விடுகிறது, 6.3 கிலோ 5.1 ஆகிறது. சுமை 5.2. மீன் போய்விட்டது.

இந்த எண்களில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் அங்கே இங்கே தள்ளலாம். வேறு ரீல், வேறு முடிச்சு, வேறு ராடு வேறு விடை தரும். ஆனால் ஒன்று மாறாது: 10 கிலோவில் தொடங்கிய நரம்பு மீனின் வாயருகே வரும்போது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, மூன்று கிலோவில் தொடங்கிய இழுப்பு ஐந்துக்கு ஏறிவிடுகிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிராய்ப்பு முடிவைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் தடிமனாக வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்பது எளிதில் எழும் எதிர்வாதம். அதையும் கணக்கிட்டே பார்க்கலாம். 12 கிலோ நரம்பு என்றால் விட்டம் சுமார் 0.44 மில்லிமீட்டர். அதே அளவு உரசலில் அது 0.40 ஆகும், நனைவையும் முடிச்சையும் கழித்தால் மிஞ்சுவது 6.2 கிலோ. பழைய 10 கிலோ நரம்பிலேயே தேய்ந்த இரண்டு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு முடிச்சைப் புதிதாகப் போட்டால் கிடைப்பது 6.3. கத்தரிக்கோலின் ஒரு வெட்டு, ஒரு படி மேலான நரம்பு வாங்கியதற்குச் சமம். தடித்த நரம்பை வாங்குபவர் அதற்கு வேறு விலையும் கொடுக்கிறார்: வீச்சின் தூரம் குறைகிறது, ஸ்பூலில் கொள்ளும் நீளம் குறைகிறது, நீரோட்டம் அதிகம் பிடித்து இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த நரம்பு தரும் தைரியத்தில் டிராக்கை இன்னும் இறுக்குகிறார். சேர்த்த பலம் அங்கேயே செலவாகிவிடுகிறது.

இதைவிட வலுவான எதிர்வாதம் பிரெய்டு என்ற பின்னல் நரம்பிலிருந்து வருகிறது. மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பாலிஎதிலீனை நுண்ணிழைகளாக நூற்றுப் பின்னிய இதன் பலம், அதே கனமுள்ள நைலானைப்போலப் பல மடங்கு. நீர் உறிஞ்சாது, வெயிலில் நைலானைவிட நன்றாக நிற்கும், அடர்த்தி 0.97 என்பதால் மிதக்கும், இழுத்தால் மூன்று நான்கு விழுக்காட்டுக்குமேல் நீளாது. இவ்வளவு பலம் கைக்கு வந்தபிறகு தேய்மானக் கணக்கு எதற்கு? இந்த நரம்பு பல நோய்களைத் தீர்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். தூணுக்குள் ஓடும் கொடுவாவை உடனே திருப்ப இதற்கு நிகரானது இல்லை. ஆனால் அது பலவீனத்தை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது. நைலான் இருபது முப்பது விழுக்காடு நீண்டு மீனின் முதல் அதிர்ச்சியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நீளாத நரம்பில் அந்த ஆற்றல் முழுவதும் முடிச்சிலும் தூண்டில் முள்ளிலும் மீனின் வாய்ச்சதையிலும் ராடிலும் விழுகிறது. டிராக் சீராக நழுவாவிட்டால் ஏதோ ஒன்று உடையும். பாலிஎதிலீன் வழுக்கும் பொருள். நைலானுக்குப் போதுமான முடிச்சு இதில் உருவிக்கொண்டு வரும், சுற்றுகளைக் கூட்ட வேண்டும். வெறும் ஸ்பூலில் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கும், அடியில் சில மீட்டர் நைலான் போட்டே சுற்ற வேண்டும். இதன் உருகுநிலை 150 பாகை செல்சியஸுக்கு உட்பட்டதே. உராய்வின் வெப்பம் இதற்கு ஆகாது. இழுபட்டு நிற்கும்போது கொட்டலசின் விளிம்பு பட்டால் இழை இழையாக அறுந்துபோகும். தோப்பும்படியில் நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று: பின்னலின் இழைகளுக்கிடையே உப்புநீர் தங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக ரீலுக்குள் கொண்டு வருகிறது. நரம்பு கெடுவதில்லை, ரீல் கெடுகிறது. பின்னலை வாங்கியவருக்குப் பராமரிப்பு குறைவதற்குப் பதில் கூடுகிறது.

ஆகவே கொடுவாவுக்குப் பொருத்தமான அமைப்பு என்று நான் சொல்வது கலப்பானது: ஓட வேண்டிய நீளத்துக்குப் பின்னல், செவுளையும் தூணையும் சந்திக்கும் கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்குத் தடித்த நைலானோ ஃபுளோரோகார்பனோ. ஃபுளோரோகார்பனை விற்பவர்கள் அது நீரில் தெரியாது என்பதையே முதலில் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டு; ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, அதற்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். பரப்பில் தெறிக்கும் ஒளி நைலானில் தெறிப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். தெளிந்த நீரில் இது ஒரு பெரிய வசதி. மழைக்காலத்தில் ஆறுகள் சேறு கொண்டுவந்து கொட்டும் கொச்சிக் காயலில், இருட்டிய பிறகு, இதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வேறு காரணங்களுக்காகக் கொடுக்கலாம்: அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வெயிலுக்கு எளிதில் தளராது, அடர்த்தி 1.78 என்பதால் மூழ்கும். நீரோட்டத்தோடு ஆகாயத்தாமரை மிதந்துவரும் நாளில் மேல்மட்டத்தை விட்டு இறங்கும் முன்நரம்பு எவ்வளவு நிம்மதி என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் முடிச்சை இறுக்குவதற்கு முன் நீரிலோ எச்சிலிலோ நனைப்பது அவசியம். உலர்ந்த நரம்பு தன்மேல் தானே உரசிச் சூடேறி, அந்த இடத்தில் சுருள் விழுந்து பலம் இழக்கும். ஒரு பெரிய மீன் இழுத்த பிறகு கடைசி நீளத்தை விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பதும் அப்படித்தான். சொரசொரப்பு தட்டினால் வெட்ட வேண்டும், யோசிக்க ஒன்றுமில்லை.

ரீலின் விஷயத்தில் கொச்சி செய்யும் கொடுமையைப் புரிந்துகொள்ள ஒரு வேதியியல் எண் போதும். சமையல் உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து திரவமாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கொச்சியின் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75க்கு மேல். மழைக்காலத்தில் பகலிலும் அப்படியே. எனவே கழுவாமல் மாட்டிவைத்த ரீல் உலர்வது போலத் தோன்றினாலும் உலர்வதில்லை. இரும்போ அலுமினியமோ அரிபடத் தேவையான மின்பகு திரவம் அதன் இடுக்குகளில் இரவு முழுவதும் இருந்துகொண்டே இருக்கிறது. உட்பகுதிகளோ பல உலோகங்களின் கூட்டு: அலுமினியச் சட்டம், பித்தளைப் பற்சக்கரம், துருப்பிடிக்காத எஃகு பேரிங். உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகும். அதில் தியாகம் செய்வது பெரும்பாலும் அலுமினியம், வெள்ளைப் பொடியாக. எஃகும் தப்புவதில்லை. குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம்தான் அதன் கவசம். குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும், காற்று புகாத இடுக்கில் படலம் மீண்டும் உருவாகாது. அதிலும் பேரிங்குக்குக் கடினம் வேண்டும் என்பதற்காகக் கார்பன் கூடுதலாகச் சேர்த்த எஃகைப் பயன்படுத்துகிறார்கள். சமையலறைப் பாத்திரத்தின் எஃகைவிட அது சீக்கிரம் அரிபடும். கனம் குறைய வேண்டும் என்று மக்னீசியச் சட்டம் போட்ட விலையுயர்ந்த ரீல்கள் நன்னீர் ஏரிகளுக்கு அழகு. பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் உவர்நீரில் அவை நலிவதைப்போல வேறெதுவும் நலியாது.

கழுவுவது பெரிய கலையில்லை, ஆனால் தவறாகக் கழுவுவது கழுவாததைவிட மோசம். குழாயை முழு வேகத்தில் திறந்து பீய்ச்சினால் வெளியே இருந்த உப்பு முத்திரைகளைத் தாண்டி உள்ளே போகும். டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய தூறலாக நீரை விட்டுக் கைப்பிடியைச் சுழற்றி, நரம்பு ஓடும் சிற்றுருளையைத் தனியாக நனைத்து, துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே வைத்தால் உள்ளே இருக்கும் கம்பளி அல்லது கார்பன் வளையங்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை டிராக் முதலில் அசைய மறுத்துப் பிறகு திடீரென விடும். அந்த முதல் மறுப்பில்தான் நரம்புகள் அறுகின்றன. பின்னல் சுற்றிய ஸ்பூலை மட்டும் கழற்றி நன்னீரில் ஊறவைப்பது நல்லது, அடியடுக்கின் உப்பு வெறும் தூறலில் கரையாது. சிற்றுருளைக்கும் கைப்பிடிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பற்சக்கரத்துக்கு மசகு. துருவை இளக்கப் பீய்ச்சும் கலவைகளை ரீலுக்குள் அடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். அவை இருக்கிற மசகையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடான மேற்குக் கொச்சியில், கிணற்று நீரே பல இடங்களில் உப்புக் கரிக்கும் ஊரில், ரீலைக் கழுவச் சொல்வது நியாயமா என்று ஒருவர் கேட்டால் அதை அலட்சியப்படுத்த முடியாது. கரிக்கும் நீரால் கழுவுவதில் பயனும் இல்லை. ஆனால் தேவைப்படும் அளவு ஒரு குவளைதான், ஈரத்துணியும் பாதி வேலையைச் செய்துவிடும். மழைமாதங்களில் கூரை நீரே தாராளம்.

நீர் புகாதபடி முத்திரையிட்ட ரீலை வாங்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி மிஞ்சுகிறது. முத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. எனினும் ரப்பர் வளையம் வெயிலிலும் காலத்திலும் இறுகும். ஒருமுறை உள்ளே புகுந்த உப்புநீரை அதே முத்திரை வெளியே விடாமலும் காக்கும். வெளியே திறந்திருக்கும் சிற்றுருளையையும் கைப்பிடியையும் அது காப்பதில்லை. அப்படிப்பட்ட ரீல் கெட்டால் வீட்டில் திறந்து பார்க்க முடிவதும் அரிது. எனவே ரீல் வாங்கும்போது எத்தனை பேரிங் என்று எண்ணுவதைவிட, நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே போக முடிகிறதா, உதிரி உறுப்பு உள்ளூரில் கிடைக்கிறதா, டிராக் மெல்ல இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் ஒரே சீராக நழுவுகிறதா என்று பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். பேரிங் கூடக்கூட இந்த ஊரில் துருப்பிடிக்கும் இடங்களும் கூடுகின்றன.

அடிக்கடி வெட்டு, அடிக்கடி மாற்று என்று சொல்வதால் பிளாஸ்டிக் குப்பை பெருகாதா என்ற ஆட்சேபம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது, ஏனென்றால் நைலான் எளிதில் மக்காது. கரையில் விட்ட சுருள் நீர்க்காகத்தின் காலிலும் அலையாத்தி வேரிலும் சிக்கும். வெட்டிய துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது இதன் முதல் பதில். முழு நரம்பையும் மாற்றத் தேவையில்லை என்பது இரண்டாவது: தேய்வது முன்நுனி, வெயில் தின்பது மேலடுக்கு, ஆண்டுக்கொருமுறை நரம்பைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால் நிழலில் இருந்த அடிப்பகுதி வேலைக்கு வரும், பாதி நரம்பு மிச்சம். ஆனால் ஆட்சேபத்துக்கு முழுமையான பதில் மீனிடம் இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரியவை அனேகமாக முட்டையிடும் பெண்கள். தேய்ந்த நரம்பை அறுத்துப் போவதும் பெரும்பாலும் பெரிய மீன்தான். அது வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் பல மீட்டர் நரம்போடும் போய்த் தூண்களில் சிக்கிக்கொள்ளும். கையில் வெட்டியெடுக்கும் இரண்டு மீட்டர் துண்டைவிட அந்த இழப்பு பல மடங்கு. முள்ளைத் தேர்வதிலும் இதை நினைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு முள் நம் பெட்டியில் நெடுநாள் பளபளப்பாக இருக்கும், அறுந்துபோன மீனின் வாயிலும் நெடுநாள் இருக்கும். மெல்லிய தகரப்பூச்சுள்ள சாதாரண எஃகு முள் உவர்நீரில் மெல்லத் துருப்பிடித்து நலியும். அதை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், கூரை நகத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும், மழுங்கினால் அரத்தால் தீட்ட வேண்டும், துரு தட்டினால் எறிந்துவிட வேண்டும். விலையோ சில ரூபாய்தான்.